மழை மலைக் குகைகளில் நமக்கு என்ன இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

விடுமுறை வந்தால் நம் ஊரிலிருந்து வேன்களும் பஸ்களும் மலைப்பக்கம் புறப்பட்டுவிடும். கித்துல்கலயில் ஆற்றில் குளியல், குருவிட்டவில் போபத் எல்ல நீர்வீழ்ச்சி, பிறகு ஹட்டன், நுவரெலியா. பிள்ளைகள் நீர்வீழ்ச்சிக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த நீர்வீழ்ச்சிகளுக்குப் பக்கத்திலேயே உலக ஆய்வாளர்கள் தேடி வரும் குகைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கூட்டிப் போங்களேன் என்று சொன்னால் பல பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்க நமக்கு என்ன சேர் இருக்கு?"

அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வரலாறு கடற்கரையில் தொடங்குகிறது, அது கப்பலில் வந்த வரலாறு, மலை மற்றவர்களுடையது என்றுதான் நம்மில் பலர் மனதில் பதிந்திருக்கிறது. முகநூலில் "யார் முதலில் வந்தது" என்று சண்டை நடக்கும்போதும் நம் பிள்ளைகளின் மனதில் அதே எண்ணந்தான் ஓடுகிறது. அதனால் இன்று சப்ரகமுவ மலைச்சரிவைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மே மாதமளவில் தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, சிவனொளிபாத மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். நம் புத்தளத்தில் ஓர் ஆண்டில் பெய்வதைப் போல நாலைந்து மடங்கு. களனி, களு, வளவை ஆறுகள் பிறப்பது அந்த மலைப்பக்கத்தில்தான். லக்ஷபான 126 மீற்றர், அபர்டீன் 98 மீற்றர், பெல்மதுளைப் பக்கத்து கிரிந்தி எல்ல 116 மீற்றர் என்று நீர்வீழ்ச்சிகள் வரிசையாக நிற்பதற்கும் காரணம் அந்த மழைதான்.

அங்குள்ள குகைகளில் பல, பூமிக்குள் நீளும் சுரங்கம் போன்றவை அல்ல. பெரும் பாறையின் நெற்றி முன்னே நீண்டு நிற்க, அதன் கீழே மழை படாத ஒரு முற்றம். சிங்களத்தில் "லென" என்பார்கள். மழை ஓயாத காட்டில் காய்ந்த நிலம் கிடைக்கும் இடம் அதுதான். யார் அந்தக் காட்டுக்குள் போனாலும் கடைசியில் அங்கேதான் ஒதுங்குவார்கள். ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக ஒதுங்கியவர்கள் விட்டுச் சென்றவை மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன.

குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, கித்துல்கலவில் பெலிலென, களுத்துறை மாவட்டத்தின் புளத்சிங்களப் பக்கத்தில் பாஹியன்கல என மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பி. ஈ. பி. தெரணியகல இந்தப் பிரதேசத்துக் கண்டுபிடிப்புகளை வைத்து "பலாங்கொடை மனிதன்" என்ற பெயரைக் கொடுத்தார். பிறகு அவருடைய மகன் சிரான் தெரணியகல பட்டதொம்பலெனவையும் பெலிலெனவையும் அடுக்கு அடுக்காக அகழ்ந்து காலக்கணிப்பு செய்தார். சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் விரல் நகம் அளவான சிறு கற்கருவிகளைச் செய்திருக்கிறார்கள். பாஹியன்கல இன்னும் பழையது. அங்கு கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, அவற்றில் பழையவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்றும், அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என்றும் சொல்கிறது. ஆபிரிக்காவுக்கு வெளியே அதுவரை அறியப்பட்டவற்றில் வில்லும் அம்பும் இருந்ததற்கான மிகப் பழைய சான்று அது.

ஓ.எல். புத்தகத்தில் இவர்களைப் பற்றிப் படித்துப் பரீட்சைக்கு எழுதி மறந்துவிடுகிறோம். ஆனால் இவர்களால் உலக ஆய்வுலகில் ஒரு பெரிய கருத்தே மாறியது. 1980களின் இறுதியில் சில ஆய்வாளர்கள், விவசாயம் இல்லாமல் மழைக்காட்டை மட்டும் நம்பி மனிதர் நிலையாக வாழ முடியாது என்று வாதிட்டார்கள். காடு பச்சையாக இருந்தாலும் உண்பதற்கு அதிகம் கிடைக்காது என்பது அவர்கள் எண்ணம். இலங்கைக் குகைகளில் கிடைத்த, சுமார் 20,000 ஆண்டு வரை பழைமையான மனிதப் பற்களை இரசாயன முறையில் ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த மனிதர்கள் பெரும்பாலும் மழைக்காட்டு உணவையே உண்டு வாழ்ந்தார்கள் என்பதை அது காட்டியது. குரங்கு, மலை அணில், மரநத்தை, கெக்குண விதை, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை ஆகியவைதான் அவர்கள் சாப்பாடு. பாஹியன்கலயில் கிடைத்த எலும்புகளில் பெரும் பங்கு குரங்கும் அணிலும்.

இனி நம் ஊரோடு தொடுக்கும் செய்திக்கு வருகிறேன். கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் பட்டதொம்பலெனவில் கடற்சிப்பிகளும் சிப்பி மணிகளும் கிடைத்திருக்கின்றன. பெலிலெனவுக்குக் கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவரப்பட்டதற்கான சான்றும் இருப்பதாகச் சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழைய படையில் அது இருந்தது. வயலும் அரசும் கப்பலும் நம் எவருடைய மொழியும் மதமும் இந்தத் தீவில் பேசப்படுவதற்கு முன்பே கரைக்கும் மலைக்கும் இடையே ஆட்கள் நடந்திருக்கிறார்கள். உப்பள ஊரில் பிறந்த நமக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகத் தோன்றக் கூடாது.

அடுத்த அடுக்கு பௌத்த துறவிகளுடையது. கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளிலிருந்து நாடெங்கும் பல குகைகள் பிக்குமாருக்கு வசிப்பிடமாக வழங்கப்பட்டன. அப்படியான குகைகளில் பாறையின் நெற்றியை உற்றுப் பார்த்தால் ஒரு நீளமான வெட்டு தெரியும். கட்டாரம் என்பார்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் வெளியே சொட்டுவதற்காகச் செதுக்கியது. அதன் கீழே பிராமி எழுத்தில், இந்தக் குகையை யார் தானம் கொடுத்தார் என்று பெயர் இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த எழுத்தை மழையிலிருந்து காத்தது அந்த ஒரு வெட்டுத்தான்.

சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு உணவு கொடுப்பதற்காக, பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னர் கிலிமலை என்ற கிராமத்தையே ஒதுக்கிக் கொடுத்தார். இரத்தினபுரிப் பாதையில் இன்றும் அதே பெயரில் அந்த ஊர் இருக்கிறது.

அந்த மலையை நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்றார்கள். கி.பி. 851 அளவில் தொகுக்கப்பட்ட ஓர் அரபு நூலிலேயே செரண்டீப்பில் ஆதம் நபியின் பாதச்சுவடு உள்ள மலை பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடத்தின் பெயர் அல்குர்ஆனில் இல்லை. செரண்டீப் மலை என்பது பயணிகளும் வரலாற்றாசிரியர்களும் வழிவழியாகச் சொல்லி வந்தது. அதை நம்பிக்கையின் பகுதியாக நான் எழுதவில்லை, மக்கள் நடந்த வரலாறாகவே எழுதுகிறேன்.

அப்படி நடந்தவர்களில் எல்லாரும் அறிந்தவர் மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் ஒதுங்கிய இடத்தை அவர் "பத்தாலா" என்று எழுதுகிறார். அது நம் புத்தளம் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கரையெங்கும் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன என்கிறார். அப்போது இங்கே ஆட்சி செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர். பாரசீக மொழி அவருக்குப் புரிந்தது. முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றார். இப்னு பதூதா கேட்டது பாதச்சுவட்டைப் பார்க்கும் வழி ஒன்றை மட்டுமே.

மன்னர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே துணைக்கு அனுப்பியவர்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் அந்த மலைக்கு யாத்திரை போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசவையைச் சேர்ந்த பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஓர் இந்து மன்னரின் செலவில், இந்துத் துறவிகளின் வழிகாட்டலில், ஒரு முஸ்லிம் காழி, பௌத்தர்கள் வணங்கும் மலைக்குப் போகிறார்! இது நடந்தது நம் ஊரிலிருந்து.

அவர்கள் போன வழியில் பந்தர் சலாவாத் என்றோர் ஊர் வருகிறது. சிலாபம் என்று அடையாளம் காண்கிறார்கள். நம் கொழும்பு பஸ் ஓடும் அதே சிலாபம். அதற்கு முந்திய ஊரில், நோயுற்று அங்கேயே தங்கிவிட்ட குராசான் நாட்டவர் ஒருவரைத் தவிர வேறு முஸ்லிம் யாரும் இல்லை. ஆனாலும் ஊரார் சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் வைத்து விருந்து கொடுத்தார்கள்.

பிறகு மலை தொடங்குகிறது. இப்னு பதூதா ஒவ்வொரு குகையாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறார். லூர் நாட்டு மஹ்மூத் என்பவரின் குகை, ஏழு குகைகள், இஸ்கந்தர் மேட்டிலுள்ள குகை, கடைசியில் கிழ்ரின் குகை. முந்தி வந்த சூபிகளின் பெயர்கள் அந்தக் குகைகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. தாடி வைத்த, நீண்ட வாலுடைய கறுப்புக் குரங்குகளைப் பார்த்து வியக்கிறார். மழைக்காட்டு மந்தியைக் கண்ட எவருக்கும் அந்த வர்ணனை உடனே புரியும். பட்டதொம்பலென மனிதர் வேட்டையாடியதும் அந்த இனங்களைத்தான். தண்ணீர் பக்கத்துப் புற்களிலிருந்து ஆளின் மேல் பாயும் அட்டையைப் பற்றியும் எழுதுகிறார். யாத்திரிகர்கள் தேசிக்காய் வைத்துக்கொண்டு அதன் மேல் பிழிவார்களாம். இன்றைக்கும் மலை ஏறுபவரின் பையில் தேசிக்காயோ உப்போ இருக்கும். எழுநூறு ஆண்டில் அட்டையும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை.

மேலே போக இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. ஆதமும் ஹவ்வாவும்தான். மாமா பாதை இலகு. திரும்பும்போதுதான் அதில் வர வேண்டும். அதில் ஏறினால் யாத்திரையே செய்யாதவர் போலக் கருதுவார்களாம். பாபா பாதை செங்குத்தானது. பத்து இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். பத்தாவது சங்கிலியில் நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் ஷஹாதா சொல்லிவிடுவார் என்பதால் அதற்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். பாதச்சுவட்டின் பாறையில் குடைந்த ஒன்பது குழிகளில் யாத்திரிகர்கள் பொன்னும் மாணிக்கமும் முத்தும் வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். கிழ்ர் குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதச்சுவட்டைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அவரும் அப்படியே செய்தார்.

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. மாணிக்கம் கிடைக்கும் குனகார் என்ற நகரைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே பள்ளிவாசல் வைத்திருந்த ஷீராஸ் நாட்டு ஷெய்கு உஸ்மானின் கதையையும் இப்னு பதூதா எழுதுகிறார். யாத்திரிகர்களுக்கு வழிகாட்டி அவர்தான். மன்னரும் மக்களும் அவரைத் தரிசிக்க வருவார்கள். அவர் ஒரு பசுவை அறுத்தார். அந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. அவர் மேல் இருந்த மதிப்பினால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய பிள்ளைகளும் பணியாளரும் தொடர்ந்து யாத்திரிகர்களுக்கு வழிகாட்டினார்கள். கொடுமையும் மரியாதையும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. சேர்ந்து வாழ்வது அன்றும் சும்மா கிடைத்ததல்ல. ஒருவர் மனம் புண்படும் எல்லை எது என்று மற்றவர் அறிந்து நடக்க வேண்டியிருந்தது. எல்லை மீறிய பிறகும் உறவை முறித்துக்கொள்ளாமல் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

கரை–மலைப் பாதை பிற்காலத்திலும் அடைபடவில்லை. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்துக் கிழக்கிலும் குடியேற்றினார். கண்டி மலைநாட்டில் கடல் இல்லை. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து போக வேண்டும். பொதிமாடுகளை வரிசையாகக் கட்டிப் போகும் தவளம் வியாபாரத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். புத்தளத்து உப்பு மேலே ஏறியது, மலையிலிருந்து பாக்கு கீழே இறங்கியது. 1766 ஒப்பந்தத்தின் மூலம் ஒல்லாந்தர் கரை முழுவதையும் பிடித்துக்கொண்டபோது கண்டியின் கழுத்தை நெரிக்க அவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று உப்பு. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வையும் அந்த மண்ணில் ஓர் அடுக்காகச் சேர்ந்தது. நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் தெரியும் லயன்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மனதை உறுத்தும் ஓர் இடத்தைப் பற்றியும் பேசுகிறேன். பலாங்கொடைக்கு அப்பால், மழை குறைந்த சரிவில் இருக்கும் குரகல. நம்மவர்களுக்கு அது தஃப்தர் ஜெய்லானி. முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் அங்கே தங்கி வணங்கினார்கள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அங்குள்ள குகைகளில் பழைய பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. அது பௌத்த துறவிகளின் இடமாக இருந்ததற்கு அவை சான்று. யாருடைய இடம் என்ற வாதம் நம் காலத்தில் சூடாக நடந்தது. அதே இடத்தில் அகழ்வு செய்தபோது, இரு தரப்புக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முந்திய ஒரு மனிதரின் எலும்புக்கூடும் கற்கருவிகளும் வெளிப்பட்டன. அவர் தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டார் என்பதை நாம் அறிய வழியே இல்லை. முதலில் வந்தவருக்குத்தான் இடம் சொந்தம் என்று வாதாடினால் தீர்ப்பு அவருக்குத்தான் போகும், நம் எவருக்கும் வராது. அங்கு போய்த் துஆக் கேட்டவர்களின் நினைவும் துறவிகளின் கல்வெட்டும் அந்த எலும்புக்கூடும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்க முடியும். அதை மனிதர்கள் விட்டுக்கொடுத்தால் போதும்.

எனவே "அங்க நமக்கு என்ன இருக்கு" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. நம் ஊரையும் அந்த மலையையும் இணைத்த பாதை அங்கே இருக்கிறது. அந்தப் பாதையில் யாரும் தனியாகப் போனதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலை யாத்திரைக் காலம் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே வெசாக் வரை. குகைகளைப் பார்க்கவும் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நல்லது. பௌத்த விகாரை உள்ள குகைகளில் செருப்பைக் கழற்றுங்கள், தோளையும் முழங்காலையும் மூடும் உடை அணியுங்கள், சத்தம் போடாதீர்கள். மண்ணிலிருந்து ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். நமக்கு வெறும் சில்லாகத் தெரிவது கற்கருவியாக இருக்கலாம். தொல்பொருளை எடுப்பது குற்றமும்கூட. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் ஆறு சில நிமிடங்களில் பெருகிவிடும். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால் உடனே கரை ஏறுங்கள். 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்களில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை மறக்காதீர்கள். நேரம் இருந்தால் இரத்தினபுரியில் எஹெலபொல வளவில் உள்ள தேசிய நூதனசாலைக்குப் போய், குகை மனிதர்கள் செய்த கருவிகளைப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள். பிறகு குகை வெறும் பாறையாகத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரில் இன்னும் சில மூத்தவர்கள் இருக்கிறார்கள். பொதிமாட்டில் உப்பு கொண்டு போன பாட்டன்மாரின் கதை, பாவா ஆதம் மலைக்கு நடந்து போன உம்மம்மாவின் கதை அவர்களிடம் இருக்கலாம். வீட்டில் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், அல்லது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த ஊர் வழியாகப் போனார்கள், எங்கே இரவு தங்கினார்கள், யார் சோறு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கீழே கருத்துப் பகுதியிலும் இடுங்கள். நான் தொகுத்து நம் பாடசாலை நூலகத்தில் வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.